கியோட்டோல சம்மர் ரிசர்ச் இன்டர்ன்ஷிப்பா? லேப் நேரம் போக என்ன பாக்கலாம், எப்படி போகலாம்

ஜப்பான்ல சம்மர் இன்டர்ன்ஷிப் கிடைச்சவங்க எல்லாரும் மொதல்ல தேடுறது விசா, ரூம், வெஜ் சாப்பாடு, இந்த மூணையும்தான். "கல்ச்சுரல் ஆக்டிவிட்டி"ன்னு ப்ரோக்ராம் ஆபீஸ் அனுப்புற பிடிஎஃப்ப கடைசிலதான் தொறப்பாங்க. அதுல ஒரு டீ செரிமனி, கிமோனோ போட்டு ஒரு குரூப் போட்டோ, ஒரு நாள் பஸ் டூர் இருக்கும். தாராளமா போங்க, ஃப்ரீயா குடுக்குறதை ஏன் விடணும். ஆனா அதோட நிறுத்திட்டா எட்டு வாரம் கியோட்டோல இருந்தும் ஒரு டூரிஸ்ட் ரெண்டு நாள்ல பாத்ததைத்தான் நீங்களும் பாத்திருப்பீங்க.

இங்க கோடைல நடக்குற நல்ல விஷயங்கள்ல பாதி ஓசி, மிச்சப் பாதிக்கும் பெருசா செலவு கிடையாது. ஆனா எல்லாத்துக்கும் தேதி உண்டு. ஜூலை 17ஆம் தேதி காலைல நடக்குறதை 18ஆம் தேதி எவ்ளோ காசு குடுத்தாலும் பாக்க முடியாது, அடுத்த ஜூலை வரைக்கும் காத்திருக்கணும். அதனால எந்த டூர் புக் பண்ணலாம்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி காலண்டரை எடுங்க.

கியோட்டோ யுனிவர்சிட்டிய மனசுல வச்சுத்தான் எழுதுறேன். ஆம்ஜென் ஸ்காலர்ஸ் மாதிரி ப்ரோக்ராம்ல வர்றவங்களும், ப்ரொஃபசருக்கு நேரா மெயில் போட்டு வர்றவங்களும் பெரும்பாலும் ஜூன் நடுவுல வந்து ஆகஸ்ட் நடுவுல கிளம்புவாங்க, அந்தக் கணக்குலயே சொல்றேன்.

ஃப்ளைட் ஏறுறதுக்கு முன்னாடி: தேதிகள்

போன் காலண்டர்ல இதெல்லாம் இப்பவே போட்டு வைங்க. ஜூன் 30 நாகோஷி நோ ஹாராயேன்னு ஒரு சடங்கு. ஜூலை 7 டானாபாட்டா, நட்சத்திரத் திருவிழா. ஜூலை 14ல இருந்து 17 வரை, அப்புறம் 21ல இருந்து 24 வரை கியோன் மட்சூரி (மட்சூரின்னா திருவிழா). ஜூலை பிற்பாதில ஷிமோகாமோ ஜின்ஜால (ஜின்ஜான்னா ஷிண்டோ கோயில்) மிதாராஷி மட்சூரி, இது மட்டும் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் மாறும், கோயில் சைட்ல பாத்துக்கோங்க. ஜூலை 25 ஒசாகால தென்ஜின் மட்சூரி. ஆகஸ்ட் 11ல இருந்து 16 வரை ஷிமோகாமோ காட்டுக்குள்ள பழைய புத்தகச் சந்தை. ஆகஸ்ட் 16 ராத்திரி கோசான் நோ ஒகுரிபி, மலைங்க மேல நெருப்பு ஏத்துறது. ஆகஸ்ட் 15ஆம் தேதிக்கு ரிட்டர்ன் டிக்கெட் போடலாம்னு இருக்கீங்கன்னா, ஸ்பான்சர் ஒத்துக்கிட்டா தயவுசெஞ்சு 17க்கு மாத்திடுங்க, ஏன்னு கீழ வரும்.

இன்னொன்னு, வெயில். ஜூன் ஆரம்பத்துல இருந்து ஜூலை மூணாவது வாரம் வரைக்கும் மழை சீசன், அது முடிஞ்ச அன்னைக்கே வெயில் ஆரம்பிச்சுடும். கியோட்டோக்கு மூணு பக்கமும் மலை, காத்து உள்ள வராது, 35 டிகிரி எல்லாம் சர்வ சாதாரணம், 38ம் போகும். "நாங்க பாக்காத வெயிலா"ன்னு நம்மாளுங்க தொப்பி இல்லாம கெளம்பிப் போய் மத்தியானம் மயங்கி உக்காந்திருப்பாங்க. குடை, தண்ணி பாட்டில், கழுத்துல போட ஒரு சின்ன டவல். லோக்கல் ஆளுங்க எல்லாரும் அப்படித்தான் சுத்துறாங்க, வெக்கப்பட ஒன்னும் இல்ல.

லேப்ல எப்படி கேக்குறது

இதைத்தான் ரொம்ப பேர் கோட்டை விடுறாங்க. ஜப்பான் லேப்னா ராத்திரி பத்து மணி வரை உக்காந்தே இருக்கணும்னு பயந்து, ஒரு வார்த்தையும் கேக்காம இருந்துட்டு கடைசி வாரத்துல புலம்புவாங்க. முதல் வாரத்துலயே உங்களுக்குன்னு போட்டுக் குடுத்த சென்பாய்கிட்ட, அதாவது உங்களைப் பாத்துக்குற சீனியர்கிட்ட, காலண்டரைக் காட்டி "ஜூலை 17 காலைல ஊர்வலம் பாக்கணும், மதியம் வந்துடுறேன், அன்னைக்கு எக்ஸ்பெரிமென்ட் இல்லாம பாத்துக்கலாமா"ன்னு கேளுங்க. மூணு வாரம் முன்னாடியே கேட்டா யாரும் வேணாம்னு சொல்றதில்ல. அன்னைக்குக் காலைல மெசேஜ் போட்டாத்தான் முகம் மாறும். லேப் செக்ரட்டரி அம்மா இருந்தாங்கன்னா அவங்களையும் கேளுங்க, எந்தத் தெருவுல நின்னா நல்லா தெரியும், எந்தக் கடைல மினாசுகிங்குற ஸ்வீட் நல்லா இருக்கும்னு ப்ரொஃபசரை விட அவங்களுக்குத்தான் தெரியும்.

முதல் நாள் போகும்போது ஊர்ல இருந்து ஸ்வீட் கொண்டு போங்க, ஆனா ஒவ்வொன்னும் தனித்தனியா சுத்தினதா இருக்கணும். நெய் ஒழுகுற மைசூர் பாக்க ஒரே டப்பால வச்சா எப்படி எடுக்குறதுன்னு தெரியாம எல்லாரும் சுத்தி நின்னு பாத்துட்டுப் போயிடுவாங்க. கடலை மிட்டாய், பேப்பர் சுத்தின பர்ஃபி நல்லா போகும். காமன் டேபிள்ல வச்சு பக்கத்துல பேர், ஊரு, என்னென்ன போட்டிருக்குன்னு ஒரு சீட்டு எழுதி வைங்க. ஓமியாகேன்னு இதுக்குப் பேரு, நீங்க நாராக்கோ ஒசாகாக்கோ போயிட்டு வந்தாலும் சின்னதா ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்து அதே டேபிள்ல வைக்கிறது வழக்கம். ராத்திரி கிளம்பும்போது "இன்னைக்கு உழைச்சதுக்கு நன்றி"ங்குற மாதிரி எல்லாரும் சொல்ற "ஒட்சுகாரேசாமா தெஸ்"ஸ நீங்களும் சொல்ல ஆரம்பிங்க, ரெண்டு நாள்ல தானா வந்துடும்.

முதல் ரெண்டு வாரம்: சைக்கிள், கார்டு, கிளப்

ஏர்போர்ட்லயோ ஸ்டேஷன்லயோ இக்கோகா கார்டு வாங்கிக்கோங்க, டெபாசிட் 500 யென், ட்ரெயின், பஸ், கொன்பினின்னு சொல்ற சின்ன சூப்பர் மார்க்கெட் எல்லாத்துக்கும் அதுதான். சிட்டி பஸ் ஊருக்குள்ள ஒரே ரேட், 230 யென், ஆனா கோடைல டூரிஸ்ட் கூட்டத்துல பஸ்ஸே நகராது. ஒரு சைக்கிள் வாடகைக்கோ செகண்ட் ஹேண்டோ எடுத்துடுங்க. செகண்ட் ஹேண்டா வாங்கினா கடைலயே உங்க பேர்ல ரெஜிஸ்டர் பண்ணி வாங்குங்க, இல்லன்னா ரோட்டுல போலீஸ் நிறுத்திக் கேட்டா பதில் சொல்ல முடியாது. கண்ட இடத்துல நிறுத்துனா தூக்கிட்டுப் போயிடுவாங்க, மீட்க காசு கட்டணும். குடை புடிச்சுக்கிட்டு ஓட்டுறது, போன் பாத்துட்டு ஓட்டுறது ரெண்டுமே சட்டப்படி தப்பு, 2026 ஏப்ரல்ல இருந்து சைக்கிளுக்கும் ஃபைன் சீட்டு குடுக்குற முறை வந்தாச்சு.

கிளப் விஷயம் முக்கியம். சாதோ, அதாவது டீ, அப்புறம் ஷோதோன்னு தூரிகை எழுத்து, இகேபானான்னு பூ அலங்காரம், க்யூதோன்னு வில்வித்தை, எல்லாத்துக்கும் யுனிவர்சிட்டில ஸ்டூடன்ட் கிளப் இருக்கும். வெளில ஆறாயிரம் யென் கேக்குறதை இங்க ஸ்வீட் காசு மட்டும் வாங்கிட்டு சொல்லித் தர்றவங்க இருக்காங்க. ஆனா ஜூலை கடைசில அவங்களுக்குப் பரீட்சை, அப்புறம் லீவு, அதனால கிளப் ஜூலை பாதிலயே காலி ஆயிடும். வந்து இறங்கின முதல் வாரத்துலயே, ஜூன்லயே, லேப்ல இருக்குற இளநிலை பசங்ககிட்ட "யாராவது சாதோ கிளப்ல இருக்காங்களா"ன்னு கேளுங்க. நான்ஜென்ஜி கோயில் பக்கம் கோகோகான்னு ஒரு இன்டர்நேஷனல் கம்யூனிட்டி ஹவுஸ் இருக்கு, வெளிநாட்டுக்காரங்களுக்காக நகராட்சி நடத்துறது, அங்கயும் கொறஞ்ச காசுல கல்ச்சர் கிளாஸ் நடக்கும், நோட்டீஸ் போர்டை ஒரு தடவை பாத்துட்டு வாங்க.

ஜூன் 30: வளையத்துக்குள்ள நடந்து போறது

வருஷத்தோட பாதி முடிஞ்சது, அது வரைக்கும் சேர்ந்த அழுக்கைக் கழுவுறதுன்னு ஒரு சடங்கு. பெரிய ஜின்ஜாக்கள்ல ஆள் உயரத்துக்கு மேல ஒரு புல் வளையம் வச்சிருப்பாங்க, இடது, வலது, மறுபடி இடதுன்னு எட்டு போடுற மாதிரி அதுக்குள்ள பூந்து வரணும். முன்னாடி போறவரைப் பாத்து அப்படியே பண்ணுங்க. கிடாநோ தென்மாங்கு பக்கம்னா கூட்டம், சின்ன ஜின்ஜால நிம்மதியா போகலாம். காசு கிடையாது. அன்னைக்கு மினாசுகின்னு ஒரு ஸ்வீட் சாப்பிடுவாங்க, முக்கோணமா வெட்டின வெள்ளை மாவு, மேல சிவப்பு பீன்ஸ், கியோட்டோல அன்னைக்கு எந்த ஸ்வீட் கடைக்குப் போனாலும் இருக்கும். முட்டை இல்ல, பால் இல்ல, வெஜ் ஆளுங்க தைரியமா வாங்கலாம்.

ஜின்ஜால கும்புடுறது எப்படின்னா ரெண்டு தடவை குனிஞ்சு, ரெண்டு தடவை கை தட்டி, கும்பிட்டு, ஒரு தடவை குனியணும். புத்தர் கோயில்ல கை தட்டக் கூடாது. முன்னாடி தோரி வளைவு நின்னா ஜின்ஜான்னு ஒரு குத்துமதிப்பா வச்சுக்கோங்க, பெரும்பாலும் சரியா வரும்.

டீ செரிமனி, கால் மரத்துப் போகாம

கியோட்டோதான் இதுக்குத் தலைநகரம், உராசென்கே, ஓமோதேசென்கே, முஷாகோஜிசென்கேன்னு மூணு பெரிய பரம்பரையும் இங்கதான் இருக்கு. உராசென்கேல மாட்சாவ, அதாவது பச்சைத் தேயிலைப் பொடி டீய, நுரை பொங்க அடிப்பாங்க, ஓமோதேசென்கேல நுரை கம்மியா இருக்கும்.

போகும்போது சுத்தமான சாக்ஸ் போடுங்க, வெள்ளையா இருந்தா இன்னும் நல்லது, வெறுங்காலோட தாதாமிங்குற தரைப் பாய் மேல போகாதீங்க. மோதிரம், வாட்ச், வளையல் எல்லாம் கழட்டிப் பைல வைங்க, கிண்ணத்துல கீறல் விழுந்துடும், சில கிண்ணம் பல தலைமுறை பழசு. ஸ்வீட் முதல்ல வரும், பக்கத்துல இருக்குறவங்ககிட்ட "ஒசாகி நி"ன்னு (உங்களுக்கு முன்னாடி எடுத்துக்குறேன்னு அர்த்தம்) சொல்லிட்டு டீ வர்றதுக்குள்ள முழுசா சாப்பிட்டு முடிச்சிடணும், டீயோட சேத்துக் கடிக்கிறது இல்ல. கிண்ணம் வந்ததும் வலது கையால எடுத்து இடது உள்ளங்கைல வச்சு, கடிகாரம் சுத்துற பக்கமா ரெண்டு சின்னத் திருப்பு, கிண்ணத்தோட அழகான முகத்துல வாய் வைக்கக் கூடாதுன்னுதான் அது. மூணு நாலு வாய்ல குடிச்சிடுங்க, கடைசி வாய்க்கு உறிஞ்சுற சத்தம் வரலாம், வரணும்னே எதிர்பாப்பாங்க. வாய் வச்ச இடத்தை விரலால துடைச்சு, மறுபடி திருப்பிக் கீழ வைங்க.

மண்டி போட்டு உக்காருறதுதான் கஷ்டம். நமக்கு சம்மணம் பழக்கம், இது வேற. கட்டைவிரல் ஒன்னு மேல ஒன்னு வச்சு அப்பப்ப மாத்திக்கிட்டா கொஞ்ச நேரம் தாங்கும், தாங்கலன்னா சொல்லிட்டு காலை மடக்கி உக்காருங்க, யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க. மரத்துப் போன காலோட படக்குன்னு எந்திரிச்சு டீ சாமான் மேல விழுறதுதான் நிஜமான அவமானம்.

கிளப்பும் கிடைக்கல, காசும் இல்லன்னா, தோட்டத்தைப் பாத்து உக்காந்து மாட்சாவும் ஒரு ஸ்வீட்டும் ஆயிரம் யென்னுக்குள்ள தர்ற கோயில்கள் நிறைய இருக்கு. என்னைக் கேட்டா, நாப்பது நிமிஷ "எக்ஸ்பீரியன்ஸ்" பேக்கேஜை விட மழை பெய்யுற ஒரு சாயங்காலம் அங்க போய் உக்காருறது நூறு மடங்கு மேல்.

கியோன் மட்சூரி: இதுக்குத்தான் அந்தக் காலை லீவு

869ல ஊர்ல கொள்ளைநோய் பரவுனப்போ அதை விரட்ட ஆரம்பிச்ச திருவிழா, யாசாகா ஜின்ஜாவோடது. ஜூலை முழுக்க ஏதாவது நடந்துக்கிட்டே இருக்கும், ஆனா நீங்க பாக்க வேண்டியது ரெண்டு ஊர்வலம். 17ஆம் தேதி முன் திருவிழா, 23 தேர். 24ஆம் தேதி பின் திருவிழா, 11 தேர். பெரிய தேர் 25 மீட்டர் உயரம், பத்துப் பன்னெண்டு டன் எடை. ஆணி அடிக்காம மரத்தை வச்சுக் கயித்தாலயே கட்டுவாங்க. ஜூலை 10ஆம் தேதி வாக்குல ஷிஜோ, கராசுமா தெருப் பக்கம் போனா நடுரோட்டுல தேர் கட்டுறதைப் பாக்கலாம். கூட்டமே இருக்காது, கயிறு கட்டுற டிசைனைப் பக்கத்துல நின்னு பாக்கலாம், இன்ஜினியரிங் பசங்க கண்டிப்பா போங்க.

17ஆம் தேதி காலைல 9 மணிக்கு ஷிஜோ-கராசுமால கிளம்பும். முன்னாடி போறது எப்பவும் நாகினாதா-போகோ, அதுல மட்டும்தான் நிஜமான ஒரு பையன் உக்காந்திருப்பான், மத்ததுல பொம்மை. போற வழில குறுக்கே கட்டியிருக்குற கயித்தை அந்தப் பையன் வாளால வெட்டினாத்தான் ஊர்வலம் மேல நகரும். அதைப் பாக்கணும்னா விடியக்காலைலயே போய் நிக்கணும், கஷ்டம். நான் சொல்றது, ஷிஜோ-கவராமாச்சி முக்குலயோ கவராமாச்சி-ஒய்கே முக்குலயோ நில்லுங்க. அங்கதான் தேர் திரும்பும். நம்மூர் தேர்ல திருப்பத்துல முட்டுக்கட்டை போடுறவங்க படுற பாட்டைப் பாத்தவங்களுக்கு இது உடனே புரியும். சக்கரம் நேராத்தான் ஓடும், திரும்பாது. அதனால சக்கரத்துக்கு அடில பிளந்த மூங்கிலை வரிசையா பரப்பி, மேல வாளி வாளியா தண்ணி ஊத்தி, முன்னாடி ரெண்டு பேர் விசிறியை வீசிக் கத்த, பக்கவாட்டுல கயித்தைப் புடிச்சு ஒரே இழுப்பு. மரம் கிறீச்சுன்னு கத்தும், மொத்தத் தேரும் ஆடிக்கிட்டே ஒரு முப்பது டிகிரி வழுக்கும். ஜனம் கை தட்டும். மறுபடி மூங்கில், மறுபடி தண்ணி. மூணு நாலு இழுப்புல திரும்பி முடியும். ஒவ்வொரு பெரிய தேருக்கும் இதே கூத்துதான், உச்சி வெயில்ல, ஆனா ஒரு தேரைப் பாத்துட்டா அடுத்ததையும் பாக்காம நகர மாட்டீங்க.

தேரோட பக்கங்கள்ல தொங்குற துணியையும் பாருங்க. பெல்ஜியத்துல 16ஆம் நூற்றாண்டுல நெய்த திரைச்சீலை, பாரசீகக் கம்பளம், அதோட இந்தியாவுல இருந்து கப்பல்ல போன கம்பளமும் அச்சுத் துணியும் இருக்கு. கியோட்டோ வியாபாரிங்க அந்தக் காலத்துலயே காசைக் கொட்டி வாங்கித் தேர்ல மாட்டிட்டாங்க.

ஊர்வலத்துக்கு முந்தின ராத்திரிகளை யோய்யாமான்னு சொல்வாங்க. 15, 16 சாயங்காலம் 6 மணிக்கு மேல ஷிஜோ தெரு முழுக்க வண்டி நிறுத்திடுவாங்க, லாந்தர் ஏத்துவாங்க, தள்ளுவண்டி, ஜனம், தள்ளுமுள்ளு. 21ல இருந்து 23 வரைக்கும் வர்ற இரண்டாவது ரவுண்டுல தள்ளுவண்டி கிடையாது, கூட்டம் பாதி கூட இருக்காது. ரெண்டுல ஒன்னுக்குத்தான் நேரம்னா என் ஓட்டு இரண்டாவதுக்கு, லாந்தர் வெளிச்சத்துல பாட்டு, மணி சத்தம் எல்லாம் காதுல விழும். சில தேர்ல சிமாக்கி வாங்கினா மேல ஏறிப் பாக்க விடுவாங்க. நாகினாதா-போகோ மாதிரி சிலதுல பொம்பளைங்களை மேல ஏத்துறதில்ல, பழைய வழக்கம்னு சொல்றாங்க, எனக்கு ஒத்துக்கல, ஆனா போய் ஏமாறக் கூடாதேன்னு சொல்லி வைக்கிறேன். இந்த சிமாக்கி மூங்கில் இலைல கட்டின ஒரு தாயத்து மாதிரி, வாசல்ல ஒரு வருஷம் தொங்க விடுறது. கொழுக்கட்டைன்னு நெனச்சுப் பிரிச்சுடாதீங்க, உள்ள சாப்பிட ஒன்னும் இருக்காது.

கியோன் தெருக்கள்ல மைகோவை, அதாவது கெய்ஷா ஆகப் பயிற்சி எடுக்குற பொண்ணுங்களை, தொரத்திப் போட்டோ எடுக்குறது மட்டும் வேணாம். தனியார் சந்துல எடுத்தா பத்தாயிரம் யென்னுன்னு போர்டே வச்சிருக்காங்க, அந்தப் பொண்ணுங்க வேலைக்குப் போயிட்டு இருக்காங்க, அவ்ளோதான்.

யுகாதா

யோய்யாமாக்கு யுகாதா (கோடைல போடுற லேசான கிமோனோ) போட்டுட்டுப் போனா ஜாலியா இருக்கும், ஆம்பளைங்களும் போடலாம். வாடகை மூவாயிரம், நாலாயிரம் யென் ஆகும், திருப்பிக் குடுக்குற நேரம் சாயங்காலம் அஞ்சு ஆறு மணியா இருந்துடும், அப்புறம் ராத்திரித் திருவிழாக்கு என்ன பண்றது? அதுக்கு பதிலா செகண்ட் ஹேண்ட் வாங்கிடுங்க. 21ஆம் தேதி தோஜி கோயில், 25ஆம் தேதி கிடாநோ தென்மாங்கு, மாசா மாசம் சந்தை கூடும், பழைய கிமோனோ, யுகாதா குவிச்சுப் போட்டிருப்பாங்க, ஊருக்கு எடுத்துட்டும் போகலாம். ஆனா கியோன் ஜூலைல வர்றதால ஜூன் 21, 25லயே போயிடணும், இதுவும் தேதிக் கணக்குதான். யுனிவர்சிட்டிக்குப் பக்கத்துலயே ஹ்யாகுமன்பென் சியோன்ஜி கோயில்ல 15ஆம் தேதி கைவினைச் சந்தை நடக்கும், அங்க துணி கம்மி, பீங்கான், ரொட்டி, மரச் சாமான் ஜாஸ்தி.

கட்டும்போது ஒரே ஒரு ரூல்: உங்க இடது பக்கத் துணி மேல வரணும். வலது மேல வந்தா பொணத்துக்குக் கட்டுற முறை, ரோட்டுல போற பாட்டி நிறுத்திச் சரி பண்ணி விடுவாங்க. கெத்தாங்குற மரச் செருப்பு கடிக்கும், பேண்ட்-எய்ட் வச்சுக்கோங்க.

மிதாராஷி: சைக்கிள்ல பத்து நிமிஷம்

இது டூரிஸ்ட் லிஸ்ட்ல மேல இருக்காது, எனக்கு கியோனுக்கு அடுத்தது இதுதான். லேப் முடிஞ்சு சாயங்காலம் ஷிமோகாமோ ஜின்ஜாக்குப் போங்க, சில நூறு யென் குடுத்தா ஒரு மெழுகுவர்த்தி தருவாங்க, செருப்பைக் கழட்டிக் கவர்ல போட்டுக் கைல புடிச்சுக்கிட்டு, பேண்ட்டை முட்டி வரைக்கும் சுருட்டிக் குளத்துல இறங்கணும். நிலத்தடி ஊத்துத் தண்ணி, 36 டிகிரி நாள்ல கூட முதல் அடி வைக்கும்போது எல்லாரும் வாய் விட்டுக் கத்துவாங்க, பின்னாடி வர்ற வயசானவரும் கத்துவார், சின்னப் பசங்களும் கத்துவாங்க. அப்படியே நடந்து பாதி வழில மெழுகுவர்த்தியப் பத்த வச்சு, அணையாம கையால மறைச்சுக்கிட்டு, முன்னாடி இருக்குற வரிசைல குத்தி வச்சுட்டு கரையேறணும். அந்த வருஷம் நோய் வராதுன்னு நம்பிக்கை. வெளில வந்ததும் மிதாராஷி தாங்கோ சாப்பிடுங்க, குச்சில குத்தின அரிசி உருண்டை, இனிப்பு சோயா பாகு, இந்தக் கோயில்ல இருந்துதான் அதுக்கே பேரு வந்தது. ஜீன்ஸ் போட்டுப் போகாதீங்க, ஷார்ட்ஸ், ஒரு சின்ன டவல்.

சென்தோ, பொதுக் குளியலறை

வெக்கமா இருக்கும், தெரியும். ஆனாலும் ஒரு தடவை போங்க, 500 யென் பக்கம்தான் ஆகும். ஆம்பளைக்குத் தனி, பொம்பளைக்குத் தனி. உள்ள துணியே கிடையாது, சுவிம் சூட்டும் கிடையாது. முதல்ல குட்டி ஸ்டூல்ல உக்காந்து சோப்பு போட்டு நல்லா குளிச்சுட்டுத்தான் தொட்டிக்குள்ள இறங்கணும், தொட்டி உடம்பை ஊறப் போட மட்டும்தான். சின்ன டவல் தண்ணில படக் கூடாது, தலைல வச்சுக்கலாம், முடி நீளமா இருந்தா கட்டிக்கோங்க. கியோட்டோ வடக்குல ஃபுனாவோகா ஒன்சென்னு ஒன்னு, 1923ல ஆரம்பிச்சது, துணி மாத்துற ரூம்ல மரச் செதுக்கலையும் கலர் டைல்ஸையும் பாக்கவே போகலாம். ரெண்டு நிமிஷத்துல ஒருத்தரும் உங்களைப் பாக்கலன்னு தெரிஞ்சதும் வெக்கம் போயிடும்.

ஸாஸென்

கென்னின்ஜி, ஷோகோகுஜி மாதிரி ஜென் கோயில்கள்ல மாசத்துல குறிப்பிட்ட ஞாயித்துக்கிழமை காலைல ஸாஸென்னுக்கு, அதாவது உக்காந்து பண்ற தியானத்துக்கு, யார் வேணா வந்து உக்காரலாம். கென்னின்ஜி 1202ல எய்சாய்ங்குற துறவி ஆரம்பிச்சது, சீனால இருந்து டீ விதை கொண்டு வந்தவர்னும் அவரைத்தான் சொல்வாங்க. லூஸான பேண்ட் போடுங்க. நடுவுல ஒரு துறவி கட்டையோட நடந்து வருவார், அடி வேணும்னா கை கூப்பிக் குனியணும், தோள்ல ரெண்டு பக்கமும் விழும், சத்தம் பெருசு, வலி கம்மி. கேக்காதவங்களை அடிக்க மாட்டாங்க. சம்மணத்துல உக்காரலாம்ங்கிறதால இது நமக்கு டீயை விட ஈஸி. ஜென் கோயில்கள்ல முறைச்சுப் பாக்குற தாடிக்காரர் படம் தொங்கும் பாருங்க, அவர் தாருமா, நம்ம போதிதர்மர்தான், காஞ்சில இருந்து போனவர்னு நம்மூர்ல ஒரு மரபு உண்டு. கடைல விக்குற சிவப்பு தாருமா பொம்மைல கண்ணு இருக்காது, ஏதாவது வேண்டிக்கிட்டு ஒரு கண்ணு வரையணும், நடந்தப்புறம் இன்னொன்னு. பேப்பர் ரிசல்ட்டுக்குன்னு வாங்கி டெஸ்க்ல வைங்க, லேப்ல பேச்சு ஆரம்பிக்க நல்ல சாக்கு.

சாப்பாடும் நோமிகாயும்

வெஜ் ஆளுங்களுக்கு வில்லன் தாஷி. கண்ணுக்கு மீன் தெரியாது, ஆனா மிசோ சூப், சோபா தொட்டுக்குற தண்ணி, கீரை வேக வச்சது, எல்லாத்துலயும் கட்சுவோபுஷின்னு காய வச்சுச் சீவின மீன்ல எடுத்த இந்தத் தாஷி சாறு இருக்கும். "மீட் இல்ல"ன்னு சொன்னா அவங்க மீனைக் கணக்குலயே எடுக்க மாட்டாங்க, மீன் சாறும் வேணாம்னு ஜப்பானீஸ்ல எழுதின ஒரு சீட்டு சென்பாய்கிட்ட வாங்கி பர்ஸ்ல வைங்க. கோயில் சாப்பாடு ஷோஜின் ர்யோரி சுத்த சைவம், கடல்பாசி, காளான் சாறுதான், ஆனா விலை ஏறும், ஒரு தடவை ட்ரீட்டா வச்சுக்கலாம். டோஃபு, யூபா (சோயா பால் மேல படியுற ஆடை) ரெண்டும் கியோட்டோ ஸ்பெஷல். முட்டை, மீன் சாப்பிடுறவங்களுக்கு ஒரு பிரச்சனையும் இல்ல, அனுபவிங்க.

லேப்ல நோமிகாய்ன்னு, அதாவது சேர்ந்து குடிக்கிற மாதிரி, வெல்கம் பார்ட்டி வைப்பாங்க, போகாம இருந்துடாதீங்க. குடிக்கலன்னா ஊலாங் டீ சொல்லலாம், பாதிப் பேர் அதான் குடிப்பாங்க. 20 வயசு ஆகலன்னா சட்டப்படி குடிக்கக் கூடாது, ஊர்ல 18 ஆச்சே 19 ஆச்சேன்னு பேசி உங்க ப்ரொஃபசரை மாட்டி விடாதீங்க. எல்லாருக்கும் வந்து "கான்பாய்" (சியர்ஸ்) சொல்ற வரைக்கும் டம்ளரைத் தொட வேணாம். பில்லு தலைக்கு இவ்ளோன்னு பிரிப்பாங்க, ஸ்டூடன்டுக்குக் கம்மியா போடுவாங்க, கைல காசு வச்சிருங்க.

ஆகஸ்ட்

ஆகஸ்டுக்கு முன்னாடி, ஜூலை 24, 25 ரெண்டு நாளும் சேர்த்து ஒரு கோம்போ உண்டு. 24 காலைல கியோன் பின் ஊர்வலம், 25 சாயங்காலம் தெமாச்சியானாகில கெய்ஹான் ட்ரெயின் புடிச்சு ஒசாகா தென்மாபாஷி, தென்ஜின் மட்சூரில படகு ஊர்வலமும் வாணவேடிக்கையும் ஆத்து மேலயே நடக்கும். திரும்பி வர்றப்போ ஸ்டேஷன்ல நிக்க இடம் இருக்காது, வெடி முடியுறதுக்கு கொஞ்சம் முன்னாடியே கிளம்பிடுங்க.

ஆகஸ்ட் வந்தாச்சுன்னா தெருவுக்குத் தெரு போன் ஒதோரி. நடுவுல மேடை, மேல டிரம், சுத்தி எல்லாரும் வட்டமா ஆடுவாங்க. நாலஞ்சு ஸ்டெப்தான், திரும்பத் திரும்ப வரும், உள்வட்டத்துல இருக்குற ஒரு பாட்டியப் பாத்துக்கிட்டே ரெண்டு சுத்து சுத்துனா புடிபட்டுடும். வெளிய நின்னு வீடியோ எடுக்குறதை விட உள்ள போயிடுறது சுலபம், கூப்பிடுவாங்க. 13ல இருந்து 16 வரைக்கும் ஓபோன், செத்துப் போன முன்னோர் வீட்டுக்கு வந்துட்டுப் போற நாள். நிறைய லேப் மூடிடும், ட்ரெயின் நிரம்பி வழியும், அந்த நேரத்துல நோசோமிங்குற ஷின்கான்சென் புல்லட் ட்ரெயின்ல எல்லா சீட்டும் ரிசர்வேஷன்தான். டோக்கியோ போகணும்னா அதுக்கு முன்னாடியே போயிட்டு வந்துடுங்க.

16ஆம் தேதி ராத்திரி வந்த முன்னோரை வழியனுப்புறது. 8 மணிக்குக் கிழக்கு மலைல "பெரியது"ன்னு அர்த்தம் வர்ற ஜப்பானிய எழுத்து நெருப்புல எரிய ஆரம்பிக்கும், அதுல இடது பக்கம் சரிஞ்சு இறங்குற கோடு மட்டுமே 160 மீட்டர் நீளம். அஞ்சு அஞ்சு நிமிஷ இடைவெளில மத்த நாலு மலைலயும், கப்பல், தோரி வளைவுன்னு ஏத்திக்கிட்டே போவாங்க. ஒவ்வொன்னும் அரை மணி நேரம்தான் எரியும், அஞ்சையும் ஓடி ஓடிப் பாக்க நெனச்சா ஒன்னும் பாக்க முடியாது. யுனிவர்சிட்டிக்குப் பக்கத்துலயே, மருதாமாச்சி பாலத்துக்கும் இமாதேகாவா பாலத்துக்கும் நடுவுல காமோ ஆத்தங்கரைல ஏழு மணிக்கே போய் உக்காந்துடுங்க, முதல் எழுத்து நேரா தெரியும். எரியுற நேரத்துல பேச்சைக் கொஞ்சம் கொறைச்சுக்கோங்க, பக்கத்துல இருக்குறவங்க வீட்டுல அந்த வருஷம் யாராவது போயிருக்கலாம்.

அந்த மலை மேல வேற ஒரு நாள் ஏறிப் பாருங்க, கின்காகுஜிங்குற (Kinkakuji) தங்கக் கோயில் இல்ல, கிட்டத்தட்ட அதே மாதிரி பேரு உள்ள, கிழக்குல இருக்குற கிங்காகுஜிங்குற (Ginkakuji) வெள்ளிக் கோயிலுக்குப் பின்னாடி வழி, எழுத்து எரியுற இடத்துக்கு நாப்பது அம்பது நிமிஷம். அங்க இருந்து ஊர் முழுக்கத் தெரியும். 16ஆம் தேதி மட்டும் ஏற விட மாட்டாங்க. 17 காலைல ஊர்க்காரங்க ஏறி எரிஞ்ச கரித்துண்டு பொறுக்கிட்டு வருவாங்க, வீட்டுல வச்சா நல்லதுன்னு, உங்க ஃப்ளைட் சாயங்காலம்னா நீங்களும் போகலாம்.

கிளம்பும்போது

சைக்கிளை அப்படியே விட்டுட்டுப் போகாதீங்க, பேர் மாத்தி யாருக்காவது குடுங்க, இல்ல கடைல திருப்பிக் குடுங்க. லேப்புக்கு ஒரு தாங்க்ஸ் கார்டு, கையால எழுதினது, ரெண்டு வரி ஜப்பானீஸ்ல இருந்தா போதும். இக்கோகா கார்டைத் திருப்பிக் குடுத்தா டெபாசிட் 500 யென் வரும், ஆனா உள்ள மிச்சம் இருக்குற காசுல 220 யென் புடிப்பாங்க. அதனால கன்சாய் ஏர்போர்ட் ஸ்டேஷன் கொன்பினில ஒனிகிரியோ (சோத்து உருண்டை) தண்ணி பாட்டிலோ வாங்கி பேலன்ஸை முடிஞ்ச வரைக்கும் பூஜ்யம் பண்ணிட்டு அப்புறம் ஜேஆர் ரயில்வே கவுண்டருக்குப் போங்க.